சாரதாக்காவுக்கு ஒரு குயில் பை

எனக்குத் தையல் தெரியும் என்று வாய் தவறிச் சொன்னால் போதும், எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப நான் தலைக்குக் குளிச்சிட்டு வந்துடுறேன்" என்று கிளம்பிவிடுவார். வந்து ஒரு வாரம்கூட ஆகாத மருமகள் வரை இதைப் பழகிக்கொண்டாள். வெளியாட்களுக்கு இது புரியாது. புரிய வேண்டுமென்றால், நான் காரைக்காலில் குடித்தனம் நடத்திய லட்சணத்தைச் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் கடைசி. கல்யாணமான கையோடு கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து அந்த ஊருக்கு வந்து இறங்கினேன். கணவருக்கு அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா வேலை. காலையில் சைக்கிளில் ஏறினால் இருட்டும் நேரத்துக்குத்தான் வருவார். வந்தாலும் ஒன்றும் பெரிய வித்தியாசம் இருக்காது. (நல்ல மனுஷர்தான். பேச்சுதான் ரேஷன்.) அம்மா சீராகக் கொடுத்த தையல் மெஷினும் நானும் பகலெல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

வந்த புதிதில் தெருக்குழாயில், "ஏனுங்க, தண்ணி எத்தனை மணிக்குங்க நிக்கும்?" என்று கேட்டேன். அவ்வளவுதான். குழாயடியே கொல்லென்று சிரித்தது. கேலிதான், கெட்ட எண்ணம் இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அழுகை வந்துவிட்டது. அதிலிருந்து வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டதும், புதிதாகக் குடிவந்திருக்கிற பெண்ணுக்குக் கர்வம் ஜாஸ்தி என்று பேராகிவிட்டது.

எங்களுக்கு எதிர்வீடு சாரதாக்காவுடையது. முப்பது வயது இருக்கும். கணவர், மாமியார், பிள்ளைகள் என்று நிறைந்த வீடு. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் தெருப் பெண்கள் முறத்தில் அரிசியோடு அங்கே கூடிவிடுவார்கள். கல் பொறுக்குகிறார்களோ இல்லையோ, சிரிப்புச் சத்தம் மட்டும் என் ஜன்னல் வரை வரும். யாராவது ஒரு தடவை "வாங்க" என்று கூப்பிட மாட்டார்களா என்று இருக்கும். கூப்பிட்டால் ஓடுவதற்கு வசதியாக வாசற்படிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். கூப்பிட்டதில்லை. என்னிடம் வாய்விட்டுப் பேசியது கொல்லைப்புறத்து வேப்பமரத்துக் குயில் ஒன்றுதான். நானும் பதிலுக்குக் கூவியிருக்கிறேன். (சிரிக்காதீர்கள். ஆள் இல்லாத வீட்டில் நீங்களும் கூவுவீர்கள்.)

ஒருநாள் நான் கடைத்தெருவுக்குக் கிளம்பும்போது சாரதாக்கா தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்தார். என் தோளில் தொங்கிய பூவேலைப் பையைப் பார்த்து நின்றார்.

"பை ரொம்ப நல்லாருக்கே. நீங்களே தச்சதா?"

"ஆமாங்க்கா." (பொய். ஊரில் தையல் கிளாஸ் டீச்சர் தைத்தது. பட்டன் மட்டும் நான்.)

"எனக்கெல்லாம் யாரு இப்படித் தச்சுக் குடுக்கப் போறா" என்று சிரித்துவிட்டுப் போனார்.

பேச்சுக்குச் சொன்னது என்று வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். நான் அன்று மாலையே போய் வெல்வெட் வாங்கினேன். இந்தப் பையைத் தைத்துக் கொடுத்துவிட்டால் சாரதாக்கா எனக்குச் சிநேகிதி, மத்தியானங்களில் எனக்கும் ஒரு முறம் என்று மனசுக்குள் முடிவாகிவிட்டது.

கருநீல வெல்வெட். முன்பக்கத்துக்கு ஒரு துண்டு, பின்பக்கத்துக்கு ஒரு துண்டு. இரண்டிலும் மெஷின் எம்ப்ராய்டரி போட்டு, பிறகு சேர்த்துத் தைத்து, லைனிங் கொடுத்து ஜிப் வைக்க வேண்டும். மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கிற பாதத்தைக் கழற்றி வைத்துவிட்டு, துணியை வட்டச் சட்டத்தில் இறுக்கி, ஊசிக்கு அடியில் கையாலேயே நகர்த்தி நகர்த்திப் பூவும் இலையும் கொண்டுவருகிற வேலை அது. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், மனசு எதிர்வீட்டில். ஒரு தடவை என் முந்தானையையும் சேர்த்துத் தைத்துவிட்டு, எழுந்திருக்க முடியாமல் மெஷினோடு மெஷினாக நின்றேன்.

என்ன படம் போடுவது என்று யோசிக்கவே இல்லை. எனக்கு அந்த ஊரில் தெரிந்த ஒரே ஜீவன் குயில். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குயில். நல்ல கறுப்பு நூலில் உடம்பு, சிவப்பில் கண், அழகாக நீண்ட வால். காலடியில் குளங்களில் பார்த்த நீலக் குவளைப் பூ. சும்மா சொல்லக்கூடாது, சட்டத்தில் இருந்தவரை குயில் குயிலாகத்தான் இருந்தது.

வாலைத் துணியின் ஓரம் வரை நீட்டியிருந்தேன். ஓரத்தில் தையலுக்கென்று கொஞ்சம் துணி விட வேண்டும் என்பது டீச்சர் முதல் நாளே சொல்லித்தந்த பாடம். இரண்டு துண்டையும் சேர்த்துத் தைத்துப் பையைத் திருப்பினேன். இரண்டு வாலும் தையலுக்கு உள்ளே போய்விட்டன. வால் போன குயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை. ஜிப்பை வேறு தலைகீழாக வைத்துவிட்டேன், எல்லாப் பையும் திறக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்தான் அது திறக்கும். அதுவும் ஒரு அழகுதான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பை முடிந்த அன்று சனிக்கிழமை. காலையிலேயே சாரதாக்கா வீட்டில் எல்லோரும் கிளம்பி எங்கோ போனதை ஜன்னலில் பார்த்தேன். மத்தியானம் தெருமுனையில் அவர்கள் தலை தெரிந்ததும் ஓடிப்போய், அவர்கள் வீட்டு வாசலில் பையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றேன். எல்லோருக்கும் தலை ஈரம், மேலே புதுத்துணி. ஏதோ விசேஷத்துக்குப் போய்விட்டு வருகிறார்கள் போலிருக்கிறது, நல்ல நேரம் என்று நினைத்தேன்.

போனது திருநள்ளாற்றுக்கு. சாரதாக்காவின் கணவருக்கு ஏழரைச் சனி. எண்ணெய் தேய்த்து நளன் குளத்தில் முழுகி, உடுத்திய துணியைக் கரையிலேயே விட்டு, திரும்பிப் பார்க்காமல், வேறு எங்கும் நுழையாமல் நேரே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். இதெல்லாம் அங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். என்னிடம் சொல்ல யார் இருந்தார்கள்?

"அக்கா, உங்களுக்காகத் தச்சேனுங்க" என்று நீட்டினேன்.

சாரதாக்கா கை நீட்டினார். அதற்குள் மாமியார் குறுக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா இது?"

"பைங்க. குயிலுங்க."

"குயிலா?" குனிந்து பார்த்தார். "நீலத் துணி. நீலக் குவளை. காக்கா."

"பின்னாடியும் ஒண்ணு இருக்குங்க" என்று ஆசையாகத் திருப்பிக் காட்டினேன்.

அந்த அம்மாள் இரண்டடி பின்னால் போனார். "கொளத்துல விட்டுட்டு, திரும்பிக்கூடப் பாக்காமத்தானே வர்றோம். நமக்கு முன்னாடி வந்து வாசல்ல நிக்கிறாரே."

யார் நிற்கிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. மறுபடி இந்தப் பக்கம் திரும்பினால், மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, என் கைப்பையைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். சாரதாக்காவின் கணவர் பெருமூச்சு விட்டு, ஈரத்துண்டை மறுபடி தோளில் போட்டார். வீட்டுக்குள் காலெடுத்து வைக்காமலே, மொத்தக் குடும்பமும் இன்னொரு முழுக்குப் போட அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பியது.

"நல்லாத்தான் தச்சிருக்கீங்க" என்று சாரதாக்கா மெதுவாகச் சொன்னார்.

"சாரதா, திரும்பிப் பாக்காம வா" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. சாரதாக்கா போனார். தெருமுனை வரை பார்த்துக்கொண்டே நின்றேன். திரும்பிப் பார்க்கவே இல்லை.

அன்று மாலை கணவர் பையைக் கையில் வாங்கிப் பார்த்தார். "காக்காதானே? நேத்தே நெனச்சேன்."

"ஏனுங்க சொல்லல?"

"நீ கேக்கலையே."

அதைத் தூக்கி எறியக்கூடாது, எரிக்கவும் கூடாது, நளன் குளத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும் என்று எதிர்வீட்டிலிருந்து தகவல் வந்தது. கணவருக்கு ஆபீஸ். அடுத்த சனிக்கிழமை நான் தனியாகத்தான் போனேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். அதற்கும் ஒரு ஊர்வலம் வேண்டாமா? பஸ்ஸில் அவ்வளவு கூட்டத்திலும் என் பக்கத்து ஸீட் கடைசி வரை காலியாகவே வந்தது.

குளக்கரையில் ஈரத்துணிக் குவியல். அதன்மேல் பையை வைத்தேன், நேராக நிமிர்த்தி. ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு நடந்தேன். கொஞ்ச தூரம் ஒழுங்காகத்தான் நடந்தேன். அப்புறம் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

துணி ஒதுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் பையைக் கையில் எடுத்து, ஜிப்போடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். "அந்தப் பக்கம் இல்லீங்க, இந்தப் பக்கம்" என்று அங்கிருந்தே கத்தினேன். எண்ணெய் வழிய நின்ற பெரியவர் ஒருவர், "ஏம்மா, திரும்பிப் பாத்ததே தப்பு, இதுல சத்தம் வேறயா" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இதை வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். பேச்சில் ரேஷன் பிடித்த மனுஷருக்கு ஆயுசுக்கும் போதுமான ஒரு வசனம் கிடைத்துவிட்டது. நடுவழியில் ஸ்கூட்டர் நின்றால், மகன் கணக்கில் கோட்டை விட்டால், மகள் கல்யாணத்தன்று பந்தலைக் காற்று தூக்கினால், எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான்: "உங்கம்மா அன்னிக்குத் திரும்பிப் பாத்தா இல்ல?" பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்துதான் சிரிப்பேன்.

ஏன் பார்த்தாய் என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தால் சனி பகவான் கூடவே வந்துவிடுவார் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அப்போது யாராவது கூட வந்தால் போதும் என்று இருந்தது.