பதினேழு கத்தியும் ஒரு பென்சிலும்

இந்த ஆயுத பூஜையில் என் மனைவி தனலெட்சுமியை எப்படியாவது ஏமாற்றிவிடுவது என்று தீர்மானித்தேன். ஐம்பத்து மூன்று வயது மனிதன் எடுக்கிற தீர்மானமா இது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். தீர்மானம் நிலைத்துவிட்டது.

நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஸ்டோரில் கிராணி, அதாவது சரக்குக் கணக்கு எழுதுகிற குமாஸ்தா. என்னிடம் பதினேழு மடக்குக் கத்திகள் இருந்தன. பிஸ்கட் டின்னில் போட்டு, பரண்மேல் பழைய கொசுவலைக்குள் சுருட்டி வைத்திருந்தேன். தனத்தைப் பொறுத்தவரை என்னிடம் ஒன்றுகூட இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் கோயில் வாசலில் நிறுத்தி என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அப்போது இருந்தவை ஐந்து.

"அஞ்சையும் ஆத்துல போட்டுட்டேன்."

"எந்த ஆத்துல?"

"கிள்ளான் ஆத்துல."

"விழுந்த சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"சரி."

அந்தச் 'சரி'யைப் பற்றி நான் அன்றே கவலைப்பட்டிருக்க வேண்டும்.

கத்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. மொட்டை நுனிக் கத்தி ஒன்று. போர்ட் சுவெட்டன்ஹாமில் ஒரு கப்பல்காரனிடம் வாங்கியது. கயிறு அறுக்கும்போது பாய்மரத் துணியைக் குத்திவிடக்கூடாது என்று அப்படிச் செய்கிறார்களாம். முத்துச்சிப்பிப் பிடி போட்டது ஒன்று. பெத்தாலிங் தெரு நடைபாதையில் கிடைத்தது. மான்கொம்புப் பிடியில் மட்டும் நான்கு. நல்ல கத்தியின் அலகை விரித்தால் பாதியில் ஒரு கணம் நின்று, பிறகு 'டக்'கென்று நேராகும். அந்த டக்கைக் கேட்டே அது எந்தத் தேசத்துக் கத்தி என்று சொல்லிவிடுவேன். கேட்கத்தான் ஆள் கிடையாது, அடுத்த வீட்டு ஃபிட்டர் கொர்னேலியஸைத் தவிர.

"இது எதுக்குண்ணே?"

"பாக்க."

"பாத்துட்டு?"

"மூடி வைக்க."

"அதுக்கு ஜன்னலே போதுமே லா."

அவருக்கு ரசனை போதாது. பதினேழில் ஒன்றுகூட இதுவரை ஒரு நூலை அறுத்ததில்லை. அலகில் கறை படிந்துவிடுமே! என் கட்டைவிரலை மட்டும் இந்த வருஷம் இரண்டு முறை அறுத்துவிட்டன. பூஜை பார்க்காத இரும்பு ரத்தம் கேட்கும் என்று எங்கள் ஸ்டோரில் சொல்வார்கள். அது எனக்கு விளையாட்டுப் பேச்சு அல்ல. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன், ஒரு விஜயதசமி அன்று சாயங்காலம், என் மகன் நாகையாவுக்கு ஒரு பேனாக்கத்தி வாங்கி வந்தேன். கறுப்புக் கொம்புப் பிடி, இரண்டு அலகு. அவனுக்கு எட்டு வயது. பென்சில் சீவ வேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தான். பூஜை முடிந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தேன். ஆகவே கத்திக்குப் பூஜை இல்லை. அதோடு, அதைக் கீழே வைக்காமல் நேரே அவன் கையில் கொடுத்துவிட்டேன். கத்தியைக் கையில் கொடுத்தால் உறவு அறும் என்று தெரியாதவனா நான்? தெரியும். சந்தோஷத்தில் மறந்துவிட்டேன். மூன்றாவது வாரம் மலேரியாக் காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது.

அந்தக் கத்தி என்ன ஆயிற்று என்று நான் தனத்திடம் கேட்கவில்லை. தூக்கி எறிந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அதன் ஜோடியை எங்காவது கண்டால் அதற்காவது முறையாகப் பூஜை செய்யலாம் என்றுதான் தேட ஆரம்பித்தேன். ஜோடி கிடைக்கவில்லை. பதினேழு அந்நியர்கள்தான் கிடைத்தார்கள். சரி, இவர்களுக்காவது செய்வோம் என்பது என் திட்டம்.

திட்டம் சுலபமானது. பூஜையில் புத்தகங்களை அடுக்கிப் பட்டுத் துணியால் மூடிவிட்டால், மறுநாள் விஜயதசமி வரை யாரும் தொடக்கூடாது. என் மனைவியே ஆனாலும் சரஸ்வதியின் சொத்தில் கை வைக்க மாட்டாள். டின்னைப் பழைய வேட்டியில் சுற்றி, பஞ்சாங்கக் கட்டுக்கு அடியில் செருகினேன். தனம் வந்து பார்த்தாள்.

"அடுக்கு என்ன சாயுது?"

"படிப்பு கூடிப்போச்சு."

"யாருக்கு?"

நான் அடுக்கை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சரி, நின்னுக்கிட்டே இருக்காதீங்க. கொர்னேலியஸ் அண்ணன் வீட்டுல மாவிலை கேட்டு வாங்கிட்டு வாங்க. நான் பட்டைப் போட்டு மூடுறேன்."

போனேன். கொர்னேலியஸ் மாவிலையோடு ஒரு காப்பியும் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தபோது பட்டு மூடியிருந்தது. பூஜை நடந்தது. கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது, பதினோரு வருஷத்தில் முதல் முறையாக நெஞ்சு கொஞ்சம் லேசானது. ஏமாற்றிக் கும்பிட்டால் பலிக்குமா என்ற சந்தேகமும் கூடவே வந்தது. லேசானது பழையபடி கனத்தது.

மறுநாள் காலை குளித்துவிட்டு முந்திக்கொண்டேன்.

"புத்தகமெல்லாம் கனம், தனம். நான் எடுக்கிறேன்."

"நீங்க விளக்கைப் பாருங்க."

பட்டை எடுத்தாள். பஞ்சாங்கத்துக்கு அடியில் டின் இல்லை. மேலேயே ஒரு வாழையிலை. இலையில் என் பதினேழு கத்திகளும் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் பிடியிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். விளக்கை நான் பார்க்கவில்லை. விளக்குதான் என்னைப் பார்த்தது.

"எப்பலேருந்து தெரியும்?"

"ஆத்துல போட்ட அன்னிக்கே. தூக்கத்துல பேர் சொல்லிக் கூப்பிடுறீங்களே, முத்துச்சிப்பி, மான்கொம்புன்னு. வேற ஒருத்தியா இருந்தா தப்பா நெனைச்சிருப்பா."

அப்போதுதான் எண்ணினேன். பதினெட்டு இருந்தன. கடைசியில் கிடந்தது கறுப்புக் கொம்புப் பிடி. அலகு தேய்ந்து தேய்ந்து பாதி அகலம் ஆகியிருந்தது. எடுக்கப் போனேன்.

"இது எங்க இருந்துச்சு?"

"அடுப்படி ஜன்னல்ல."

"எத்தனை நாளா?"

"பதினோரு வருஷமா. தினம் காலைல பென்சிலைச் சீவி உங்க சட்டைப் பையில வைக்கிறேனே, எதால சீவுறேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை. டக் சத்தத்தில் தேசம் சொல்கிறவன், அடுப்படியில் தினம் கேட்ட டக்கைக் கேட்கவில்லை.

"நான் அவன் கையில கொடுத்தேன், தனம்" என்றேன். பதினோரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்த வாக்கியம் அது.

அவள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். பிறகு சொன்னாள்: "கொடுத்தீங்க. அவன் நேரா அடுப்படிக்கு ஓடி வந்தான். 'அப்பா மறந்துட்டாரும்மா'ன்னு சொல்லி, கத்தியைத் தரையில வெச்சு, அவனே திரும்ப எடுத்துக்கிட்டான். 'இப்பச் சரியாப்போச்சு, அப்பாகிட்ட சொல்லிடாதே'ன்னான்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அந்த மாசம் நம்ம வீட்டு வரிசையில நாலு பிள்ளைங்க காய்ச்சல்ல போச்சு. அவங்க அப்பனெல்லாம் கத்தியா வாங்கிக் கொடுத்தாங்க? கொசுங்க."

"இதை ஏன் எங்கிட்ட முன்னமே சொல்லல?"

"சொல்லாதேன்னானே."

அவள் குரல் அந்த இடத்தில் மட்டும் உடைந்தது. உடனே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் சட்டைப் பையிலிருந்த பென்சிலை உருவி, முனையைத் தரையில் ஒரே குத்தாகக் குத்தி முறித்தாள்.

"இன்னிக்கு விஜயதசமி. கும்பிட்ட ஆயுதம் எல்லாம் வேலை செய்யணும். பதினேழு இருக்கு. இனிமே நீங்களே சீவிக்குங்க."

"அந்தக் கறுப்பு?"

"அது என்னுது" என்று எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். முத்துச்சிப்பியில் தொடங்கினேன். முனை முறிந்தது. மான்கொம்பு. முறிந்தது. ஒவ்வொரு கத்தியாக மாற்றிப் பார்த்தேன். பதினேழாவது கத்தியை விரித்தபோது, சீவுவதற்குப் பென்சில் மீதி இல்லை.