ஏட்டையாவின் கரையாத கருப்பட்டி

தென்காசி வட்டாரத்திலேயே கரித்துண்டை உட்காரவைத்து விசாரணை நடத்திய ஒரே மனிதர் எங்கள் ஏட்டையாதான். குத்துக்கல்வலசையில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. போலீஸ் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் தெருவில் வரும் வெண்டைக்காயைக்கூட "எங்கன இருந்து வருது? யாரு குடுத்தா?" என்று துருவிக் கேட்காமல் வாங்கமாட்டார்.

ராணுவத்தில் இருக்கும் மகன் ஆன்லைனில் ஒரு பார்பிக்யூ அடுப்பை வாங்கி அனுப்பினான். வந்தது வினை. ஏட்டையா கடையில் விறகுக்கரி வாங்கி, பின்வாசலில் அடுப்பைப் பற்றவைத்து, என்னையும் கூப்பிட்டார். அடுப்பு எரிந்ததைவிடப் புகைந்ததுதான் அதிகம். அவர் மனைவிக்கு இளைப்பு உண்டு. நான் மதினி என்று கூப்பிடுகிற அந்த அம்மாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், மருந்தை உறிஞ்சிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். ஏட்டையா ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டினார்.

"நீங்க சாப்பிடுங்க. நான் இங்கன இருந்தே பாத்துக்கிடுதேன். முப்பது வருசமா பழகுனதுதான?" என்றார் மதினி உள்ளே இருந்தபடி.

ஏட்டையாவின் முகம் செத்துப்போயிற்று. சர்வீஸ் முழுக்க அவருக்குச் சீசனுக்குச் சீசன் குற்றாலத்தில் பந்தோபஸ்து. ஊர்பட்ட குடும்பங்கள் குளித்துக் கரையேற விசில் ஊதியவர், சொந்தப் பெண்டாட்டியை ஒருநாள்கூட அருவிக்குக் கூட்டிப் போனதில்லை. சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்ததே கிடையாதாம். இதை மதினிதான் ஒருமுறை சொன்னார், புகார் மாதிரி இல்லாமல், சும்மா.

மறுநாள் காலையிலேயே மதில் மேல் ஏட்டையாவின் தலை தெரிந்தது.

"வே, புகையே வராத கரி ஒண்ணு வேணும். அவ வெளிய வந்து எம் பக்கத்துல உக்காரணும்."

சிரட்டைக்கரி புகையாது என்று துணி தேய்க்கிற அண்ணாச்சி ஒருவர் துப்புக் கொடுத்திருந்தார். அன்று ஆரம்பித்தது புலன்விசாரணை. ஒவ்வொரு சோதனைக்கும், போலீஸார் சம்பவ இடத்தில் எழுதுவார்களே, அதுபோல ஒரு மகஜர். முதல் மகஜரின் வாசகம் எனக்கு இன்னும் மனப்பாடம்: 'மேற்படி தேங்காய்ச் சிரட்டைகள் பற்றவைத்த நாலாவது நிமிடம் கரும்புகை கக்கி, அண்டை வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டி ஒன்றைப் பாழாக்கின.' வேட்டி என்னுடையது. சாட்சிக் கையெழுத்தும் நான்தான் போட்டேன்.

அடுத்து, பழைய எண்ணெய் டின்னில் சிரட்டைகளை அடைத்து, காற்றுப் புகாமல் மூடிச் சுட்டார். பொறுமை இல்லாமல் மூடியைத் திறந்ததும் காற்றுப் பட்டு அத்தனையும் தகதகவென்று எரிந்து சாம்பலாகிவிட்டது.

"அவசரப்பட்டு ஜாமீன்ல விட்டுட்டேன் வே," என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

மூன்றாம் முறை கரி சரியாக வந்தது. இடித்துப் பொடியாக்கி, மரச்சீனிக் கிழங்குக் கஞ்சியை ஊற்றிப் பிசைந்தார். கட்டி பிடிக்க அச்சு வேண்டுமே? நம் பக்கத்தில் கருப்பட்டிக்கு எது அச்சோ அதையே எடுத்தார், சிரட்டையை. கவிழ்த்துத் தட்டினால் அசல் கருப்பட்டியேதான்.

ஆனால் அது சாரல் காலம். ஒரு வாரம் ஃபேனுக்கு அடியில் வைத்தும் காயாமல், கட்டிகள் மேல் பூசணம் பிடித்தது. வீரகேரளம்புதூரில் மதினியின் அண்ணன் இருக்கிறார். அங்கே சாரல் எட்டாது, வெயில் உண்டு. கட்டிகளைப் பெட்டியில் அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு ஏட்டையா பஸ் ஏறினார். "கருப்பட்டி உடன்குடியா அண்ணாச்சி?" என்று கேட்ட கண்டக்டரை முறைத்ததோடு சரி. மைத்துனரிடமும் "வெயில்ல வைங்க. வேற ஒண்ணும் கேக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். விசாரணையில் இருக்கும் கேஸைப் பற்றி வெளியே மூச்சுவிடாத பழக்கம்.

நாலாம் நாள் மைத்துனர் போன் செய்தார். ஏட்டையா ஸ்பீக்கரில் போட்டார்.

"மாப்ளே, உங்க கருப்பட்டி என்ன ரகம்? வந்தவங்களுக்குக் காப்பி போட்டேன். அர மணி நேரமாக் கொதிக்கி, கரையவே மாட்டேங்கு. காப்பி மட்டும் நல்லாக் கறுத்துருக்கு."

"குடிச்சிட்டீங்களா?"

"ஆளுக்கு ஒரு தம்ளர் ஆச்சு."

"கட்டி உடையலயே?"

"இல்ல."

"ஏ, ஜெயிச்சிட்டோம் வே!" என்று என் முதுகில் ஓங்கி அறைந்தார். குடித்தவர்களின் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சாரல் விட்டிருந்தது. மைத்துனர் வீட்டிலிருந்து எடுத்துவந்த மீதிக் கட்டிகளைப் பற்றவைத்தோம். கொஞ்ச நேரத்தில் மேலே வெள்ளைச் சாம்பல் பூத்து, உள்ளே சிவப்பாகக் கனிந்தது. புகை என்று பேருக்குக்கூட இல்லை.

"ஏட்டி, வெளிய வா," என்றார் ஏட்டையா.

மதினி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாக முந்தானையை இறக்கினார். நான் மிளகு தடவிய கோழித் துண்டுகளைக் கம்பிமேல் பரப்பினேன். கோழியின் கொழுப்பு உருகிக் கரியில் சொட்டியது. குப்பென்று கிளம்பியது புகை. இத்தனை நாள் துப்புத் துலக்கியதில் கோழியின் மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

மதினி ஒரு தடவை இருமினார். அவ்வளவுதான். ஏட்டையா அத்தனை துண்டுகளையும் ஒரேயடியாக வழித்துச் சட்டியில் போட்டு என் கையில் திணித்தார்.

"கொண்டு போரும்."

"அண்ணாச்சி, பாதிகூட வேகல."

"உம்ம வீட்டுல குழம்பு வச்சுக்கிடும் வே!"

புகை அடங்கிற்று. ஏட்டையா இன்னொரு நாற்காலியை இழுத்து மதினியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மலைப் பக்கமிருந்து ஈரக்காற்று அடித்தது. மதினி இரண்டு கையையும் தணலுக்கு நீட்டிக் குளிர் காய்ந்தார்.

"திங்க ஒண்ணுமே இல்லியே," என்றார் மதினி.

"இல்லாட்டிப் போகட்டும். நீ உக்காரு."

சட்டியோடு மதில் ஓரம் நின்று நான் பார்த்தேன். தணல் அவியும்வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. அந்தக் கிறுக்கு மனுஷனுக்குப் பக்கத்து வீட்டில் மூன்று வருடம் குடியிருந்தது என் கொடுப்பினை.