மேலே ஏறிய பாட்டு

மணவாழ்த்துப் பாட்டு மறுபடியும் கீழே இறங்கிவிட்டது. அதன் இடத்தில் இறந்தோர் பாட்டு சட்டமாக உட்கார்ந்திருந்தது. கொடைக்கானல் குளிரிலும் ஆக்ஸிலியா டீச்சருக்கு நெற்றி வேர்த்தது.

கோயில் பின்மாடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பாட்டு வரிகளைப் பீடத்துக்குப் பக்கத்துத் திரையில் காட்டுவது அவள் சோலி. கோயிலுக்கென்று பொதுவாக வைத்திருந்த நோட்ஸ் ஆப்பில் பாட்டுக்கு ஒரு நோட். அந்த ஆப் எல்லாவற்றையும் அகர வரிசையில்தான் அடுக்கும். நம் இஷ்டப்படி இழுத்து வைக்க ஒரு பிளக்-இன் உண்டென்று யாரோ சொல்ல, போன வாரம் போட்டாள். அன்றைக்கே காணிக்கை நேரத்தில் கிறிஸ்துமஸ் பாட்டு வந்து நின்றது.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பழைய பாட்டுப் புஸ்தகமே போதும் டீச்சர். லீலா பாத்துக்கட்டும்," என்று ஃபாதர் சொல்லிவிட்டார். சுருதி எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கிற லீலாவிடம் பாடகர் குழுவைக் கொடுப்பதா? 

இன்றைக்கு ஒன்பது மணிக்கு ஷைலா கல்யாணம். அடுத்து ஒரு நினைவுப் பூசை. தப்பக் கூடாது.

டீச்சர் மணவாழ்த்தை இழுத்து உச்சியில் வைத்தாள். கண்ணெதிரிலேயே அது இறங்கியது. பிளக்-இன்னை அணைத்தாள், அகர வரிசை திரும்பி வந்தது. தலைப்புக்கு முன்னால் எண் கொடுத்தாள். ஒன்றுக்கு அடுத்தது இரண்டல்ல, பத்து என்றது அந்த அறிவாளி ஆப். சரி, பிளக்-இன்னை மறுபடி போட்டுக் கையால் இழுத்தாள். இறந்தோர் பாட்டு மறுபடி ஏறியது. பையில் போன் வேறு விடாமல் உறுமியது. இந்த நேரத்தில் எவன் என்று அதை அணைத்துப் போட்டாள்.

கீழே மணி அடித்துவிட்டது. கீபோர்டில் இருந்த ராபின் திரும்பி, என்ன பாட்டு என்று கண்ணால் கேட்டான். சனியன் தொலையட்டும் என்று இறந்தோர் பாட்டு அத்தனையையும் தேர்ந்து அடியோடு அழித்தாள் டீச்சர்.

மணவாழ்த்து திரையில் பளிச்சென்று வந்தது. ராபின் குஷியாக வாசித்தான். சனங்கள் முதலில் கொஞ்சம் முழித்தார்கள். பிறகு திரை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பாட ஆரம்பித்தார்கள். ஃபாதர் நிமிர்ந்து மாடியையே பார்த்தார். டீச்சர் அடக்கமாகத் தலையாட்டினாள். முன்வரிசையில் சால்வை போர்த்திய ஓர் அம்மாள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். மகளைக் கட்டிக்கொடுக்கிற தாய் அழமாட்டாளா என்று டீச்சருக்கும் கண் கலங்கியது.

படியேறி மூச்சிரைக்க வந்து நின்றார், கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை உபகாரம்.

"டீச்சர், மாப்பிள்ளை வீட்டு பஸ்ஸு பனிமூட்டத்துல பூம்பாறைக்கு அங்கிட்டு நிக்குது. அதான் முன்வரிசையில அழுவுற கித்தேரியம்மாவோட வீட்டுக்காரரு நினைவுப் பூசைய முன்னாடி வைக்கச் சொன்னாரு ஃபாதர். நானும் கீழ இருந்து என் போன்ல அதே ஆப்பத் தெறந்து இறந்தோர் பாட்ட மேல ஏத்தி ஏத்தி வைக்கிறேன், எந்தப் பாவியோ எறக்கிக்கிட்டே இருக்கான்."