அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை

கிட்ட வந்து உட்காருங்க. சத்தம் போடாதீங்க. என் பெண்டாட்டி ஒதிலியா சமையலறையில் இருக்கிறாள். அவள் காதுக்குச் சுவரெல்லாம் ஒரு தடையே இல்லை.

எங்க லிமாவில் குளிர்காலம் வந்தால் வானம் பிழியாத துணி மாதிரி தலைக்கு மேலே தொங்கும். செருப்பில் பூஞ்சை, பெல்ட்டில் பூஞ்சை. படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் சுவருக்குக் கரடித்தோல் போர்த்தின மாதிரி பூஞ்சை.

"கிழவா, ஞாயித்துக்கிழமை அந்தச் சுவரைத் தேய்ச்சுடு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவின் கால்பந்துப் பந்தயம். நான்தான் கோல்கீப்பர். பாதி கோலை என் வயிறே அடைத்துவிடும். செத்தாலும் சுவரைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தேன்.

"எனக்குப் பூஞ்சை ஆகாதுடி. அச்சூ!"

"இத்தனை வருஷமா ஆச்சே?"

"உள்ளே ஒளிஞ்சிருந்திருக்கு. அச்சூ!"

"நான் பிரஷை நீட்டினா மட்டும் தும்மல் வருது?"

"வியாதிக்குப் புத்தி இருக்கு."

"உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது இருக்கே. வா, லேப்ல ரத்தம் குடு. ஆகுமா ஆகாதான்னு அது சொல்லிடும்."

எடுத்தது ஒரு சின்னக் குப்பி. எனக்கு ஒரு குடம் போன மாதிரி இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. "ஐயோ... அவ்வளவு மோசமா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எனக்குள்ளே மேளம் கொட்டியது.

"பூஞ்சை உனக்கு விஷமாம், கிழவா. நீ சொன்னப்ப நான் நம்பலையே!"

"விடு, விடு. இனி அந்தச் சுவர்ப் பக்கம் போகாம இருந்தாப் போதும்."

"சுவரா? இந்த வீட்டுலயே இருக்கக் கூடாது. வெயில் வேணும். நாளைக்கே சோசிகாவுக்குக் கிளம்பு. அம்மா தன் பக்கத்து ரூமை உனக்கு ஒழிச்சு வச்சிருக்காங்க."

இங்கே நெஞ்சுச்சளிக்காரர்கள் எல்லாரும் சோசிகாவுக்குத்தான் ஓடுவார்கள். மலையடிவாரம், நல்ல வெயில், நல்ல ஊர். ஆனால் அங்கே என் மாமியார் இருக்கிறாள். விடியுமுன்னே எழுப்பி ஜெபமாலை சொல்லவைப்பாள். சாப்பாட்டில் மிளகாய் கிடையாது, அத்தனையும் பேச்சில்தான்.

"எத்தனை நாளைக்கு?"

"குளிர் போற வரைக்கும்" என்று சொல்லிக்கொண்டே கனமான பெட்டி ஒன்றை வாசலுக்கு இழுத்து வைத்தாள்.

"ஒதிலியா, தும்மல் நின்னுடுச்சு பாரேன்!"

"பயத்துல நின்னிருக்கும். அந்தச் சுவரைத் தொட்டா செத்துடுவே."

"சாக மாட்டேன்! நாளைக்குத் தேய்ச்சே காட்டறேன்!"

மறுநாள் காலையிலிருந்து தேய்த்தேன். ப்ளீச் வாடையில் கண் எரிந்தது. தெருவில் 'கோல்! கோல்!' என்று எதிரணி கத்திக்கொண்டே இருந்தது. மூக்கைப் பூஞ்சைக்குள்ளேயே நுழைத்துப் பார்த்தேன். ஒரு தும்மல்கூட வரவில்லை. சுவர் பாலாய் மின்னியது.

"பாத்தியா? எனக்கு ஒண்ணுமே இல்ல! சோசிகாவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!" என்று மார்தட்டினேன்.

"நல்லதாப் போச்சு. ரத்த ரிசல்ட் எப்படியும் அடுத்த வாரம்தான் வருதாம்."

"அப்ப நேத்து போன்ல?"

"அம்மா. மூட்டுவலி ரொம்ப மோசமாம்."

சொல்லிக்கொண்டே வாசலில் இருந்த பெட்டியைத் திறந்தாள். உள்ளே என் சட்டை ஒன்றுகூட இல்லை. புட்டி புட்டியாய் ப்ளீச். புதுப் பிரஷ் ஒன்றை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, குளியலறைக் கதவை அகலத் திறந்துவிட்டாள்.