பத்தொன்பது நாள் கலியாணத்துக்கு ஒரு நிறுவல்

ஆக்லாந்தில் இருக்கிற தமிழர்களில், "பால் இருக்கா?" என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்லத் தெரியாத ஒரே மனிதர் நிறுவல் அண்ணைதான். இதை நான் எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன். அடித்துச் சொல்வது அவருக்குப் பிடிக்காது. "எல்லாரையும் கேட்டுப் பாத்தனீரோ?" என்பார். கேட்டுப் பார்க்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். இனி அவர் வந்து மறுக்கப் போவதில்லை.

அவருடைய சொந்தப் பெயர் வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் மட்டும்தான் இருந்தது. எங்கள் பள்ளிக்கூடங்களில் கேத்திரகணிதக் கேள்வியின் கடைசியில் 'நிறுவுக' என்று ஒரு சொல் வரும். முக்கோணம் கீறி, கோணங்களைக் குறித்து, ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதி முடித்தால் அதுதான் நிறுவல். இந்த மனிதர் வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் அதைக் கேட்பார். "வெளியில மழை" என்று நனைந்துகொண்டு வந்து சொன்னால்கூட, "நிறுவும்" என்பார். ஜூலை மாதத்து ஆக்லாந்தில் மழைக்கு ஆதாரம் கேட்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

நாங்கள் இருந்தது நியூ லின்னில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய பலகை வீடு. மூன்று அறை, மூன்று ஆண்கள், சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். குளிர்காலத்தில் துவைத்த காற்சட்டை நான்கு நாளாகியும் காயாது. திருச்சிக்காரன் குமாருக்குப் பாட்டனி டவுன்ஸில் செருப்புக் கடையில் வேலை. எனக்குப் பென்ரோஸில் டயர்க் கிடங்கு. மன்னாரிலிருந்து வந்த நிறுவல் அண்ணைக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. சனி, ஞாயிறு என்னோடு டயர் அடுக்குவார். மற்ற நாட்களில் பல்கலைக்கழகத்தில் கணிதமும் மெய்யியலும் படித்தார். குமார் ஊரில் மெய்யியலைத் தத்துவம் என்பார்கள். இரண்டு பட்டம் அல்ல, இரண்டும் சேர்ந்த ஒரே பட்டம். கணிதக்காரர்கள் இவரை மெய்யியல்காரன் என்று ஒதுக்க, மெய்யியல்காரர்கள் கணிதக்காரன் என்று ஒதுக்க, மதியச் சாப்பாட்டை இரண்டு கட்டடத்துக்கும் நடுவிலே கிடந்த ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவார்.

திங்களும் புதனும் கணித வகுப்பு. அந்த நாட்களில் மனிதர் நிமிர்ந்து நடப்பார். "பால் இருக்கா?" என்றால், "இருக்கு, அரை லீட்டர்" என்பார். செவ்வாயும் வியாழனும் மெய்யியல். அன்றைக்குக் குளிர்ப்பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "போத்தில் இருக்கு. உள்ளுக்கை இருக்கிறது பால் எண்டு நம்பக் காரணம் இருக்கு" என்பார். நானும் குமாரும் முக்கியமான விஷயங்களைத் திங்கட்கிழமைக்கு ஒத்திவைக்கப் பழகிக்கொண்டோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை சமையலறையில் புகை எச்சரிக்கை மணி கத்தியது. குமார் இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் ஓடினான். நிறுவல் அண்ணை கதிரையிலிருந்து எழும்பவில்லை.

"அண்ணே, நெருப்புண்ணே! வெளிய வாங்க!"

"நெருப்பெண்டா மணி அடிக்கும். அதுக்காக மணி அடிச்சா நெருப்பெண்டு இல்லை. அது வேற, இது வேற."

"அது வேறயா இருக்கட்டும்ணே, உங்க பின்னாடி துண்டு எரியுது!"

திரும்பிப் பார்த்தார். அடுப்புத் துண்டு எரிந்துகொண்டிருந்தது. எடுத்துத் தொட்டிக்குள் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டு, "இப்ப சரி. இது நிறுவல்" என்றார்.

ஒரு பிறந்தநாள் வீட்டிலே ஒரு அக்கா இவரைப் பிடித்துக்கொண்டார். "இந்த ரெண்டையும் சேத்துப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" அண்ணை கட்லட்டைத் தட்டில் வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "இப்ப டயர் அடுக்கிறன் அக்கா. படிச்சு முடிச்சா, ஏன் அடுக்கிறன் எண்டு விளங்கும்." அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எங்கள் மூவருக்குமே அழைப்பு வரவில்லை.

இவ்வளவும் சிரிப்பாகத்தான் இருந்தது, என் தலையில் விழும்வரை.

நான் ஊருக்குப் போய்ச் சுன்னாகத்தில் வதனியைக் கலியாணம் கட்டினேன். லீவு முடிய, பத்தொன்பதாவது நாள் விமானம் ஏறினேன். அவளை இங்கே கூப்பிட விசாவுக்குப் போட்டபோது, இது உண்மையான, நிலைத்து நிற்கிற உறவு என்று ஆதாரம் கேட்டார்கள். கலியாணப் படம் இருந்தது. படத்தில் எங்களைவிட வீடியோக்காரர்தான் அதிகம் தெரிந்தார். என்னோடு ஒன்றாக இருப்பவர் யாராவது கடிதம் தந்தால் நல்லது என்றார்கள். குமார் சின்னப் பெடியன். நிறுவல் அண்ணையைத் தவிர எனக்கு யார்? அவசரத்தில் கிழமையைப் பார்க்காமல் கேட்டுவிட்டேன்.

அவர் எழுதித் தந்தது இவ்வளவுதான்: 'இவர் தனக்கு மனைவி இருப்பதாகச் சொல்கிறார். தொலைபேசியில் ஒரு பெண்குரல் கேட்கிறது. உறவு நிலைத்து நிற்குமா என்பது எதிர்காலம் பற்றியது. எதிர்காலத்தை நான் காணவில்லை.'

"என்ன அண்ணை இது? நீங்கள் எனக்குக் கடிதம் தாறியளோ, ஆப்பு வைக்கிறியளோ?"

"இதிலை எந்த வரி பொய்?"

ஒரு வரியும் பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கடதாசியைக் கிழித்துப் போட்டுவிட்டு 'கடித அங்கிள்' என்று பேர்போன பெரியவரிடம் போனேன். அவர் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் இப்படிக் கடிதம் கொடுப்பவர். பத்து நிமிடத்தில் அடித்து, கையெழுத்து வைத்து, தேத்தண்ணியும் தந்தார். நான் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்து விசா கொடுக்கிற அலுவலகத்திலிருந்து, எங்கள் ஆட்கள் சொல்கிற விசாக் கந்தோரிலிருந்து, ஈமெயில் வந்தது: உங்கள் மனைவி பெயர் வதனி என்கிறீர்கள். கடிதத்தில் 'நேசனும் அவருடைய அன்பு மனைவி சுதர்சினியும்' என்று இருக்கிறது. சுதர்சினி யார்? நான்கு வாரத்துக்குள் விளக்கம் தரவும்.

அங்கிள் எல்லாருக்கும் ஒரே கடிதத்தைத்தான் கொடுப்பார். பேரை மாற்றுவார். என் பேரை மாற்றியவர் மனைவி பேரை மறந்துவிட்டார். சுதர்சினி எனக்கு முந்தி வந்து போன யாரோ ஒரு பெடியனின் பெண்சாதி.

வதனியிடம் சொன்னேன். "ஆர் அந்தச் சுதர்சினி?" என்றாள். எனக்கும் தெரியாது என்றேன். கலியாணம் கட்டிய மனுசியிடம் சொல்லக்கூடிய மிக மோசமான பதில் அதுதான். இரண்டு நாள் போனை எடுக்கவில்லை.

அந்தக் கோபம் முழுவதையும் கொண்டுபோய் நிறுவல் அண்ணை மேல் கொட்டினேன். "ஒரு கையெழுத்து! ஒரே ஒரு கையெழுத்து வைக்க உங்களுக்கு மனம் வரேல்லை. உங்கடை படிப்பும் மண்ணாங்கட்டியும்! என்ரை வாழ்க்கை போகுது!"

அவர் கோபப்படவில்லை. ஈரம் உறிஞ்சுகிற மெஷினின் தொட்டியை வெளியே எடுத்து, நிரம்பியிருந்த தண்ணீரை ஊற்றிவிட்டு வந்து இருந்தார்.

"நான் ஒருக்காக் காணாததுக்குக் கையெழுத்து வைச்சனான்" என்றார். "பத்தொன்பது வயசிலை. அண்ணன் காணாமப் போய் நாலு வருசம். செத்துப்போனான் எண்டு எழுதித் தந்தாத்தான் அம்மாவுக்கு அரசாங்க உதவி எண்டு சொல்லிச்சினம். அம்மா மாட்டன் எண்டிட்டா. நான் வைச்சன். படிவத்திலை 'தெரியாது' எண்டு எழுத இடம் இருக்கேல்லை. அவன் உயிரோடை இருக்கிறானோ இல்லையோ எனக்கு இப்பவும் தெரியாது. ஆனா கடதாசியிலை அவனைச் சாக்காட்டினது நான்தான். அம்மா சாகுமட்டும் என்னோடை கதைக்கேல்லை."

 குமார் தன் அறையிலிருந்து வந்து தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தான். நிறுவல் அண்ணை தொடர்ந்தார்.

"கணக்கிலை நிறுவலாம். நிறுவ ஏலாததோடை எப்பிடி உயிர் வாழுறது எண்டு மற்றப் பாடத்திலை கேக்கலாம். அதுதான் ரெண்டையும் சேத்துப் படிக்கிறன். நீர் எனக்கு மூண்டு கிழமை தாரும். பாத்திட்டு எழுதுறன்."

பார்த்தார் என்றால் அப்படி ஒரு பார்வை. நான் வதனியோடு கதைக்கத் தொடங்கினால் ஒரு கொப்பியும் பேனையுமாக வந்து எதிரில் இருப்பார். நான் சிரித்தால் குறிப்பார். பெருமூச்சு விட்டாலும் குறிப்பார். புதுக் கலியாணக்காரன் மனைவியோடு கதைக்கிற கதையை ஒரு நாற்பது வயது மனிதரை முன்னால் வைத்துக்கொண்டு கதைத்துப் பாருங்கள்.

"ஆர் அங்கை இருமுறது?" என்று வதனி கேட்டாள்.

"சாட்சி" என்றேன்.

மூன்று வாரமும் முடிய ஆறு பக்கம் தந்தார். இங்கிலீசில் இருந்தது. எனக்கு இன்றைக்கும் மனப்பாடமாக இருப்பதைத் தமிழில் சொல்கிறேன்: 'இவருக்குப் புட்டு அவிக்கத் தெரியாது. மனைவி தொலைபேசியில் சொல்லித் தருகிறார். நீராவி வருவதைக் காட்ட இவர் தொலைபேசியைப் புட்டுக்குழலுக்கு மேலே பிடிக்கிறார். இதை ஐந்து தடவை கண்டேன். மனைவியின் தகப்பனுக்குச் சுகமில்லை என்று செய்தி வந்த காலையில் இவர் வீட்டுச் செருப்போடு கிடங்குக்கு வந்து, திருப்பி அனுப்பப்பட்டார். அதையும் கண்டேன். இவற்றிலிருந்து எதுவும் கட்டாயமாகப் பெறப்படாது. ஆனால் இவர் கணவன் இல்லை என்றால், அந்தச் சொல்லை எதற்கு வைத்திருக்கிறோம் என்று எனக்கு விளங்கவில்லை.'

வாசித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அதையும் வெளியில் நின்று குறித்திருப்பார்.

கடிதம் போய் ஒரு மாதத்தில் அவருக்குக் கடைசிச் சோதனை. அதை எழுதினால் பட்டம் முடிந்தது. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவரிடம் குமார் கேட்டான்.

"எப்படிண்ணே எழுதுனீங்க?"

"எழுதேல்லை. உள்ளுக்கை போகேக்கை விசாக் கந்தோரிலை இருந்து போன் வந்தது. நேசன்ரை கடிதத்தைப் பற்றி."

"அப்புறம் கூப்பிடுங்கன்னு சொல்லிருக்கலாமேண்ணே!"

"'இப்ப கதைக்க ஏலுமோ' எண்டு கேட்டவர். ஏலும்தானே. ஏலாது எண்டா பொய்."

அந்த அதிகாரி, உறவு உண்மையானதா, ஆமா இல்லையா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அது ஒரு கேள்வி அல்ல, மூன்று என்று இவர் விளக்கத் தொடங்கியிருக்கிறார். விளக்கி முடிக்க ஒரு மணித்தியாலம். சோதனை மண்டபக் கதவை எப்போதோ சாத்திவிட்டார்கள்.

மறுபடி எழுத விடச் சொல்லி விண்ணப்பிக்கலாம் என்று நானே படிவத்தை எடுத்துக்கொண்டு வந்து கெஞ்சினேன். வாசித்துப் பார்த்தார். "'தவிர்க்க முடியாத காரணம்' எண்டு இருக்கு. தவிர்த்திருக்க ஏலும்" என்று திருப்பித் தந்துவிட்டார். ஐந்து நாள் கழித்து வதனிக்கு விசா வந்தது.

அவள் வந்ததும் குமார் பாட்டனி டவுன்ஸுக்கே போய்விட்டான். நிறுவல் அண்ணை இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன அறை எடுத்தார். எங்களோடு இருங்கோ என்று வதனி எவ்வளவோ சொன்னாள். கேட்கவில்லை. ஞாயிறு காலையில் மட்டும் வந்து புட்டுச் சாப்பிடுவார். அவர் சோதனை எழுதாமல் விட்ட அந்த ஒரு பாடத்தை அடுத்த வருடம் நடத்தவில்லை. அதற்கு அடுத்த வருடம் தொடங்கியபோது மறுபடி பதிந்துகொண்டார். நாங்கள் குடும்பம், வேலை, வாடகை என்று ஓடிக்கொண்டிருந்தோம். அவர் மெலிந்து வந்ததை வதனி கவனித்தாள். நான் கவனிக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை எனக்கே பிடிக்காது.

போன ஆகஸ்டில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், டயர்களுக்கு நடுவில் நிற்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பல்கலைக்கழகத்தில் இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் அந்த வாங்கிலே விழுந்து கிடந்தாராம். இருதயம். நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அங்கே ஒரு தாதி, அவருடைய சப்பாத்து, மூக்குக்கண்ணாடி, கணக்குக் கொப்பி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்திருந்தாள். என்னை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். பல்கலைக்கழகத்தில் கடைசியாகப் பதிந்தபோது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற இடத்தில் என் பேரும் நம்பரும் இருந்தனவாம். கையிலிருந்த கடதாசியை ஒருதரம் பார்த்துவிட்டு, "நீங்கள் அவருடைய சகோதரன்தானே?" என்றாள்.

சகோதரன் என்று எழுதியிருந்தார்.

ஓம், சகோதரன்தான் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன். அந்த மனிதர் தனக்குத் தெரியாத எதையும் எழுதமாட்டார்.