எட்டநில்லு சார் ஓடை கடந்த கதை

திருச்சி ஜில்லாவிலேயே இன்னொரு மனிதர் மேல் படாமல் உத்தியோகம் பார்த்தவர் எங்கள் எட்டநில்லு சார் ஒருவர்தான். இதை நான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயார்.

எங்கள் ஆபீஸ் தென்னூரில். அவர் வீடு ஸ்ரீரங்கத்தில். பஸ்ஸில் ஏறினால் எவனாவது இடித்துவிடுவான் என்று காவிரிப் பாலம் வழியாக நடந்தே வருவார். மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் மூடாக்காக இருக்கிற நாளில்கூடக் குடையை விரித்துக்கொண்டுதான் வருவார். குடை எவ்வளவு அகலமோ அவ்வளவு தூரத்துக்குள் ஈ, காக்கை நுழைய முடியாது. நுழைந்தால், "எட்ட நில்லும் ஓய்" என்று ஒரு அதட்டல். அவருடைய நிஜப் பெயர் மேனேஜருக்கே மறந்துபோய்விட்டது.

ஃபைலைக் கையில் வாங்கமாட்டார். நாம் மேஜையில் வைத்துவிட்டு ஒதுங்க வேண்டும். கூஜாவிலிருந்து இரண்டு சொட்டுத் தெளித்துவிட்டுத்தான் எடுப்பார். ஆபீஸ் ஃபைல்களில் பாதி மை கரைந்து, யார் எழுதியது, எதற்கு எழுதியது என்று புரியாமல் போனதற்கு இதுதான் காரணம். மாற்றலாகிப் போன ஒரு மேனேஜர் விடைபெறும்போது கை குலுக்கக் கையை நீட்டினார். சார் அந்தக் கையில் மேலேயிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தைப் போட்டார். மேனேஜர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் மதுரை வரைக்கும் கொண்டுபோனாராம்.

எனக்கு இதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். அடுத்த மேஜைக்காரன் காதருக்கு வராது. காதர் எங்கள் டைப்பிஸ்ட், ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். "விடுப்பா, மேனேஜரையும் தொடமாட்டாரு, என்னையும் தொடமாட்டாரு. இதைவிட சமத்துவம் எங்க இருக்கு?" என்பான்.

ஒரு ஐப்பசி மாதம், உப்பிலியபுரத்துக்காரனான குமாஸ்தா செல்வராஜ் ஒரு யோசனை சொன்னான். "பச்சமலை அடிவாரத்துல எங்க ஊருப் பக்கம் ஒரு ஓடை இருக்குங்க. பஸ்ஸை விட்டு எறங்கி மூட்டையைத் தூக்கிக்கிட்டு நடந்து போயி ஒரு ராத்திரி தங்கிட்டு வரலாம். மலையிலேருந்து நேரா இறங்கி வர்ற தண்ணி. மனுஷன் காலே பட்டிருக்காது."

அந்தக் கடைசி வார்த்தை எட்ட இருந்த சாரின் காதில் விழுந்துவிட்டது.

"மனுஷா படாத ஜலமா? நானும் வரேன் ஓய்."

நான், காதர், செல்வராஜ் மூவரும் பட்டாளத்தார் கழித்துப்போட்ட பைகளை முதுகில் மாட்டிக்கொண்டோம். பையில் தோல்வார் இருந்ததால் சாருக்கு ஆகவில்லை. மடித்துணி உலர்த்துகிற மூங்கில் கோலின் நுனியில் மூட்டையைக் கட்டித் தோளில் சாய்த்துக்கொண்டார். பஸ்ஸுக்குள் உட்கார முடியாது என்று கூரைமேல் ஏறி, வெற்றுக் கோழிக்கூடைகளுக்கு நடுவே குடையை விரித்துக்கொண்டு வந்தார். வழி நெடுக ஜனங்கள் ஏதோ உற்சவம் என்று நினைத்துக் கும்பிட்டார்கள்.

ஓடையில் அப்போது கணுக்கால் தண்ணீர்தான். கடந்து போய் அக்கரை மணல்திட்டில் காதரின் அத்தா கடைத் தார்ப்பாயைக் கூடாரமாகக் கட்டினோம். திட்டுக்குப் பின்னால் செங்குத்தான பாறை. சார் கூப்பிடு தூரத்தில் தனியாகக் குடையை நட்டு, தானே பொங்கிய சோற்றில் தயிர் விட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

இருட்டினதும் பிடித்தது மழை. சும்மா இல்லை, வானத்தைக் கவிழ்த்துக் கொட்டினாற்போல் கொட்டியது. முதல் காற்றிலேயே சாரின் குடை பறந்து ஓடையில் விழுந்து போய்விட்டது.

"உள்ள வாங்க சார், ஜன்னி கண்டுரும்" என்று காதர் கத்தினான்.

"வேண்டாம், நீர் நன்னாப் படுத்துக்கும்" என்று இருட்டிலிருந்து பதில் வந்தது. அந்த மனுஷர் விடிய விடிய மழையில் உட்கார்ந்திருந்தார். பிடிவாதம் பிடித்த கிழம் என்று நான் தார்ப்பாய்க்குள் கிடந்து திட்டிக்கொண்டிருந்தேன்.

விடியும்போது எழுந்து பார்த்தோம். மழை இன்னும் விடவில்லை. கணுக்கால் ஓடை மார்பளவு ஆகி, செந்நிறமாக இரைந்துகொண்டு ஓடியது. நாங்கள் நின்ற திட்டு கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. செல்வராஜ் முதலில் இறங்கி, வெள்ளம் இழுத்துக்கொண்டு போக, எங்கேயோ தள்ளிக் கரையேறினான். "சீக்கிரம் வந்துடுங்க, இன்னும் ஏறுது" என்று அங்கிருந்து கூவினான்.

காதருக்கு நீச்சல் தெரியாது. "நீ போ, அத்தாகிட்ட சொல்லிடு" என்றான் என்னிடம். நான் தத்தளித்துக் கரை சேருகிற ரகம், அவனை எப்படி இழுப்பேன்? காவிரியில் வெள்ளம் வந்தாலும் விடாமல் தினம் முழுகி எழுகிற ஆள் எங்களில் ஒருவர்தான். அவரை நான் எப்படிக் கேட்பது?

சார் வானத்தைப் பார்த்தார். காதரைப் பார்த்தார்.

"நனைஞ்சுட்டீரா?"

"தொப்பலா நனைஞ்சுட்டேன் சார்."

"ஈரத்துணி மடிதான் ஓய், தீட்டு கிடையாது. மேலேருந்து பெருமாளே ஸ்நானம் பண்ணி வச்சிருக்கார். கையைக் கொடும்."

இது எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஒல்லிக்குச்சி சார் முன்னால், மலை மாதிரி காதர் பின்னால், இருவரும் இறங்கினார்கள். பாதி ஓடையில் காதரின் கால் வழுக்கியது. இரண்டு பேரும் முழுகிவிட்டார்கள். செந்தண்ணீர் மட்டும் ஓடியது. கொஞ்சம் தள்ளி முதலில் ஒரு குடுமி வெளியே வந்தது. அப்புறம் சாரின் முகம். அப்புறம் அவர் கையில் கொத்தாகப் பிடித்திருந்த காதரின் தலைமயிர்.

கரையில் போட்டதும் காதர் அசையவில்லை. சார் அவனைக் குப்புறப் புரட்டி முதுகில் அறைந்தார். "ஓய் காதர், இருக்கீரா? பதில் சொல்லும் ஓய்." காதர் குடம் குடமாகக் கக்கிவிட்டு, "இருக்கேன் சார்" என்றான். சார் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் ஒரு வழியாய் வந்து சேர்ந்தாயிற்று. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

திரும்பும்போது சார் பஸ்ஸுக்குள் காதர் பக்கத்தில் உட்கார்ந்தார். பிடித்த கையை விடவில்லை. மழை எப்போதோ நின்று, ஜன்னல் வழியாக வெயில் அடித்தது. சார் கண்ணை மூடியிருந்தார். காதர் முன் ஸீட்டிலிருந்த என் காதுப் பக்கம் குனிந்து, "நான் காஞ்சு ரொம்ப நேரமாச்சுப்பா. அவருகிட்ட சொல்லிடாதே" என்றான்.

சார் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "மழை இன்னும் விடலை ஓய். பேசாம வாரும்."

அந்தக் கிழத்தை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.