பவளத்துக்கு நான் போட்ட லைட்

எனக்குப் பொறுமை கிடையாது. குக்கர் அடங்குவதற்குள் கரண்டியால் வெயிட்டைத் தூக்குகிறவள் நான். மெட்ரோ கதவு திறப்பதற்குள் அதை முறைக்க ஆரம்பித்துவிடுவேன். இப்படி ஒருத்தி இருக்கிற வீட்டுக்குள் உயிருள்ள பவளத்தைக் கொண்டுவரலாமா? என் கணவர் கொண்டுவந்தார். அது அவர் செய்த ஒரே தப்பு. மீதி எல்லாம் நான் செய்தது.

அவருக்கு லோதி ரோடில் மத்திய அரசு வேலை. கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று ஒரு பொருளும் கேட்டதில்லை. சட்டைகூட சரோஜினி நகரில் நான் எடுத்துக் கொடுப்பதைத்தான் போட்டுக்கொள்வார். அந்த மனிதர் போன வருஷம் ஒருநாள், "ராஜி, ஹால்ல ஒரு கடல் தொட்டி வைக்கட்டுமா?" என்று கேட்டார். உப்புத் தண்ணீர், மீன், பவளம். கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத தில்லியில்! (நம்ம போர் தண்ணியே பாதி உப்புதான், அதுலயே விட்டுடுங்களேன் என்றேன். அதற்கும் சிரித்தார், பாவம்.)

மாதக்கணக்கில் தண்ணீரைச் சோதித்து, பாறைகளை ஊறவைத்து, மயூர் விஹார் ஃபிளாட்டின் ஹாலில் ஒரு குட்டிக் கடலை உண்டாக்கினார். பாக்கி இருந்தது விளக்கு. அதை வாங்கப் போன அன்று நானும் கிளம்பினேன். யாரும் கூப்பிடவில்லை.

மீன் கடையில் ஒரு தொட்டிக்கு மேல் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"என்னங்க இது, சாராயக் கடை மாதிரி இருக்கு?"

"பவளத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கு ராஜி. வெளிச்சத்தை வெச்சு அதுதான் பவளத்துக்குச் சமைச்சுப் போடும். அதுக்கு இந்த நீலம்தான் ஒத்துக்கும்."

"சமையல்னா அடுப்பு பெருசா இருந்தா நல்லதுதானே? பையா, இருக்கிறதுலயே பெரிய லைட்டை எடு!"

"ஜி மேடம்! ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்றான் கடைக்காரன். (குண்டு பல்பு கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பான்.)

அவர் கையில் வைத்திருந்தது சின்ன விளக்கு. "இது போதும்" என்றார். நான் கடையே திரும்பிப் பார்க்கிற குரலில், "வாங்குறதை நல்லதா வாங்கணும்" என்றேன். சின்னதைக் கீழே வைத்துவிட்டார். பெரிய விளக்கில் இரண்டு திருகுகள், நீலத்துக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று. வீட்டுக்கு வந்து மாட்டியதும் இரண்டையும் ரொம்பக் குறைத்து வைத்தார். "கொஞ்சம் கொஞ்சமா, மாசக்கணக்குல ஏத்தணும். ஒரேயடியா ஏத்தினா தாங்காது" என்றார். நான் அப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு இரண்டு மீன்களும், அப்புறம் பவளங்களும் வந்தன. காளான்போல் விரியும் சிவப்பு ஒன்று, பொத்தான் பொத்தானாகப் பச்சையில் ஒன்று, விரல் விரலாக ஆடும் ஒன்று. ஆபீஸிலிருந்து வந்தால் ஷூவைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார். "ராஜி, இன்னிக்கு நல்லா விரிஞ்சிருக்கு, வந்து பாரேன்." "காபி ஆறுது" என்பேன். ஒருமுறை எழுந்துபோய்ப் பார்த்திருக்கலாம்.

நவராத்திரி வந்தது. வழக்கமாகக் கொலுப்படிக்குப் பக்கத்தில் பார்க் கட்டி, குளத்துக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கவைப்பேன். இந்த முறை கடலே இருக்கும்போது கண்ணாடி எதற்கு? படியைத் தொட்டியை ஒட்டியே போட்டேன். அந்த நேரம் பார்த்து அவருக்குக் குவாஹாத்திக்கு டூர். வாசலில் நின்று, "லைட்டை மட்டும் தொடாதே ராஜி" என்றார்.

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாருங்க" என்றேன்.

அன்று மாலை நீல வெளிச்சம் பொம்மைகள்மேல் விழுந்தது. பிள்ளையார் நீலம், முருகன் நீலம், செட்டியாரும் செட்டிச்சியும் நீலம். படி முழுக்கக் கிருஷ்ணர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீலத் திருகை அணைத்தேன், வெள்ளையைக் கடைசிவரை திருகினேன். ஹால் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. காலையில் எழுந்ததும் போடுவேன், படுக்கப் போகும்போது அணைப்பேன்.

பவளங்கள் சுருங்கின. வெட்கப்படுகின்றன என்று நினைத்தேன். பிறகு நிறம் வெளுக்க ஆரம்பித்தது. அழுக்கு போகிறது என்று நினைத்தேன். (சிரிக்காதீர்கள். தலையணை உறையிலிருந்து பாத்ரூம் டைல்ஸ்வரை வெளுத்தால் சுத்தம் என்றுதானே நாம் படித்திருக்கிறோம்?)

வெள்ளிக்கிழமை கொலு பார்க்கக் கூட்டம் வந்தது, பாட்டும் சுண்டலுமாக. மூன்றாவது மாடி கோமதி மாமி தொட்டியைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"அடடா, பளிங்கு மாதிரின்னா இருக்கு! நீயே தேய்ச்சு அலம்புவியோடி?"

"நான்தான் பார்த்துக்கறேன் மாமி. அவர் ஒரே நீலமாப் போட்டு இருட்டா வெச்சிருந்தார். அவருக்கு என்ன தெரியும்?"

"வாஹ் ஜி, கித்னா சஃபேத்!" என்று அந்த வெள்ளையைப் பார்த்து வியந்த கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி, தொட்டியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

குர்கானிலிருந்து லீவில் வந்திருந்த என் மகள் நிவி மட்டும் புருவத்தைச் சுருக்கினாள். "அம்மா, யே க்யா? அப்பா அனுப்பின போட்டோல இது ரெட் தானே?"

"நல்ல வெளிச்சத்துல அப்படித்தான் தெரியும். நீ போய் சுண்டலைக் கொண்டா."

அப்போது மணி அடித்தது. டூர் சீக்கிரம் முடிந்து, பெட்டியோடு அவர் நின்றிருந்தார்.

"வாங்கோ வாங்கோ! உங்காத்துக்காரி எப்படி வெச்சிருக்கா பாருங்கோ!" என்றார் மாமி.

பெட்டியைக் கீழே வைக்காமலே தொட்டியருகே போனார். குனிந்து பார்த்தார். வெள்ளைத் திருகைக் குறைத்தார். பாதிக் கொலு இருட்டானது. பாட்டு நின்றது.

"இது சுத்தம் இல்ல மாமி" என்றார். "உள்ள சமைச்சுப் போட்ட பாசியெல்லாம் இவ்வளவு வெளிச்சம் தாங்காம வெளிய போயிடுச்சு. இது பட்டினி கிடக்குது."

மாமி கையிலிருந்த தொன்னையைப் பார்த்தார். "கொஞ்சம் சுண்டல் போட்டா சாப்பிடுமோ?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கையில் தாம்பூலத் தட்டோடு நின்ற நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தினேன். "ஏன் தொடக்கூடாதுன்னு காரணத்தைச் சொல்லிட்டுப் போயிருக்கணும்!"

"சொன்னேனே" என்றார். அவ்வளவுதான்.

வந்தவர்கள் வெற்றிலை பாக்கைக்கூட வாங்காமல் நழுவினார்கள். அடுத்த வாரங்களில் வெளிச்சத்தைக் குறைத்தார், தண்ணீரை மாற்றினார், பக்கத்திலேயே கிடந்தார். சிவப்பு கரைந்தது. பிறகு விரல். பச்சைப் பொத்தான்களில் ஏதாவது தேறும் என்று கடைசிவரை பார்த்தார், தேறவில்லை. ஒவ்வொன்றையும் வலைக்கரண்டியால் எடுத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி அன்றோடு முடித்திருப்பேன். அந்த வழியையும் அடைத்துவிட்டார், நல்ல மனிதர்.

இப்போது எங்கள் வீட்டில் யாராவது, "இட்லி எவ்வளவு வெள்ளையா இருக்கு!" என்று சொன்னால் போதும். "உயிரோட இருக்கான்னு பார்த்துட்டுச் சாப்பிடுங்க" என்பாள் நிவி. கோமதி மாமி இதைக் காலனி முழுக்கப் பரப்பிவிட்டார். கேட்கும்போதெல்லாம் அதிகம் சிரிப்பவர் என் கணவர்தான்.

ஆனால் தொட்டியில் இரண்டு மீனும் மொட்டைப் பாறையும்தான் இருக்கின்றன. "புதுசா வாங்கிட்டு வாங்களேன், நான் கிட்டவே வரமாட்டேன்" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

"பார்க்கலாம்" என்கிறார்.

மத்திய அரசு அதிகாரியின் பெண்டாட்டி நான். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.